புதிர்த் திரைப்படம்

புதிர்த் திரைப்படம் என்பது தான் கூறும் கதையை நேராகவும் முழுமையாகவும் வெளிப்படுத்தாத திரைப்பட வகை ஆகும். நிகழ்வுகளின் வரிசை, அவற்றின் உண்மைத்தன்மை, கதை கூறுபவரின் நம்பகத்தன்மை ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ இது ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. அவற்றை ஒழுங்குபடுத்திப் பொருள் கொள்ளும் பொறுப்பு பார்வையாளரிடம் விடப்படுகிறது. கனவு, மறதி, மனப்பிறழ்வு, காலச் சுழற்சி, ஒரே நிகழ்வு பற்றிய முரண்பட்ட சாட்சியங்கள் முதலியன இவ்வகைப் படங்களில் அடிக்கடி கையாளப்படும் பொருள்கள். பார்த்து முடித்த பின்னரும் எண்ணிப் பார்க்கத் தூண்டுவதும், மறுமுறை பார்க்கும்போது புதிய செய்திகளைத் தருவதும் இவற்றின் பொதுப் பண்புகள்.

தமிழில் இவ்வகைப் படங்கள் எண்ணிக்கையில் குறைவு. எனினும் 1954 ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த நாள் தொடங்கி ஒரு தொடர்ச்சியை இனங்காண முடிகிறது. இவற்றுள் சிறந்தவற்றில் புதிர் வெறும் அறிவு விளையாட்டாக நின்றுவிடுவதில்லை. யாருடைய சொல் நம்பப்படுகிறது, அதனால் யாருக்கு நீதி கிடைக்கிறது அல்லது மறுக்கப்படுகிறது என்னும் கேள்வியோடு அது இணைந்திருக்கிறது.

பெயரும் வரையறையும்

திரைப்பட ஆய்வாளர் வாரன் பக்லண்ட் 2009 ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்ட ஆய்வு நூல் புதிர்த் திரைப்படம் என்ற சொல்லைப் பரவலாக்கியது. அதே தொகுப்பில் தாமஸ் எல்சேசர் இவற்றுள் ஒரு பகுதியை மனவிளையாட்டுப் படங்கள் என்று அழைத்தார். இப்பெயர்கள் பிற்காலத்தவை. அவற்றால் குறிக்கப்படும் கதைமுறை திரைப்படத்தின் தொடக்க காலத்திலேயே தோன்றிவிட்டது.

புதிர்த் திரைப்படம் மர்மப் படத்தில் இருந்து வேறுபட்டது. மர்மப் படத்தில் ஒரு கேள்வி எழுப்பப்படுகிறது. துப்பறிபவர் ஒருவர் விடை காண்கிறார். படம் முடியும்போது கேள்வியும் முடிகிறது. புதிர்த் திரைப்படத்தில் கதை சொல்லப்படும் முறையே கேள்வியாகிறது. துப்பறியும் வேலை பார்வையாளருடையது. விடை சொல்லப்படலாம், சொல்லப்படாமலும் போகலாம். இரண்டு வகைகளும் ஒரே படத்தில் கலந்து வருவதும் உண்டு.

கதை சொல்லும் முறையைக் கொண்டு இவற்றைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* முரண்பட்ட சாட்சியங்கள்: ஒரே நிகழ்வு பலரால் பலவாறாகக் கூறப்படுதல்.
* நம்பத்தகாத கதைசொல்லி: கூறுபவர் பொய் சொல்லுதல், மறத்தல் அல்லது மனப்பிறழ்வுக்கு உட்பட்டிருத்தல்.
* குலைந்த கால வரிசை: நிகழ்வுகள் முன்பின்னாக, பின்னோக்கி அல்லது சுழற்சியாக அமைதல்.
* இணைக் கதைகள்: ஒரே மனிதரின் வாழ்வு இருவேறு வழிகளில் விரிதல்.
* கனவுத் தன்மை: கனவுக்கும் நனவுக்கும் இடையிலான எல்லை காட்டப்படாமை.

அடிமனவெளிப்பாட்டியத்துடன் தொடர்பு

ஐந்தாவது வகை, சர்ரியலிசம் எனப்படும் அடிமனவெளிப்பாட்டிய இயக்கத்தில் இருந்து வலுப்பெற்றது. பிரெஞ்சுக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் 1924 ஆம் ஆண்டில் இவ்வியக்கத்தின் அறிக்கையை வெளியிட்டார். அறிவின் கட்டுப்பாட்டில் இருந்து விடுபட்ட மனத்தின் ஓட்டத்தை, குறிப்பாகக் கனவை, கலைக்கு ஊற்றாகக் கொள்வது இதன் நோக்கம். லூயி புனுவலும் ஓவியர் சால்வதோர் தாலியும் இணைந்து 1929 ஆம் ஆண்டில் உருவாக்கிய அன் சியன் ஆந்தலு என்ற குறும்படம் இவ்வியக்கத்தின் மிக அறியப்பட்ட திரை வடிவம். இருவரும் கண்ட கனவுகளில் இருந்தே அது தொடங்கியது. அறிவால் விளக்கக்கூடிய எந்தக் காட்சியையும் ஏற்பதில்லை என்ற விதியுடன் அவர்கள் திரைக்கதையை எழுதினர்.

எனவே அடிமனவெளிப்பாட்டியப் படத்துக்கும் பிற புதிர்ப் படங்களுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உள்ளது. முன்னது விடை இல்லாமையையே நோக்கமாகக் கொள்ளலாம். பின்னவற்றில் சிதறிய துண்டுகளைப் பொருத்தினால் ஒரு முழு வடிவம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. இந்த வேறுபாட்டை அறியாமல் பார்க்கும்போது, விடையில்லாத படத்தில் விடை தேடிச் சலிப்படைவதும், விடையுள்ள படத்தைக் குழப்பம் என்று ஒதுக்குவதும் நிகழ்கின்றன.

உலகத் திரைப்படங்களில் வளர்ச்சி

செருமனியில் ராபர்ட் வீனே இயக்கிய டாக்டர் கலிகாரியின் அறை (1920) கதைசொல்லியின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கிய தொடக்ககாலப் படம். கோணலான சுவர்களும் வரையப்பட்ட நிழல்களும் நிறைந்த அதன் உலகத்தை நமக்குக் கூறுபவன் யார் என்பது இறுதியில்தான் தெரிய வருகிறது.

அகிரா குரோசாவாவின் ரஷோமோன் (1950) ஒரு காட்டில் நிகழ்ந்த சாவைப் பற்றி நால்வர் தரும் முரண்பட்ட கூற்றுகளைக் காட்டுகிறது. ரியூனொசுகே அகுதாகவாவின் சிறுகதைகளை அடிப்படையாகக் கொண்ட இப்படம் 1951 ஆம் ஆண்டு வெனிசுத் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது. அலன் ரெனேயின் மரியன்பாதில் கடந்த ஆண்டு (1961), பெதரிக்கோ பெலினியின் எட்டரை (1963), ஆந்திரே தார்க்கோவ்ஸ்கியின் சோலாரிஸ் (1972) ஆகியன நினைவையும் கனவையும் நனவில் இருந்து பிரித்தறிய இயலாதவாறு அமைத்த படங்கள்.

கிறிஸ்டோபர் நோலனின் மெமெண்டோ (2000), 2025 ஆம் ஆண்டில் மறைந்த டேவிட் லிஞ்சின் மல்ஹாலண்ட் டிரைவ் (2001) ஆகியவற்றுக்குப் பின்னர் இவ்வகை பரவலான கவனம் பெற்றது. மல்ஹாலண்ட் டிரைவ் முதலில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டமாக எடுக்கப்பட்டு, நிறுவனத்தால் நிராகரிக்கப்பட்ட பின்னர் முழுநீளப் படமாக விரிவாக்கப்பட்டது. தம் படங்களுக்கு விளக்கம் கூற லிஞ்ச் மறுத்து வந்தார்.

இந்தியாவில் மணி கௌலின் துவிதா (1973), அடூர் கோபாலகிருஷ்ணனின் அனந்தரம் (1987) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. துவிதாவில் ஊரைவிட்டுச் சென்ற கணவனின் உருவில் ஒரு பேய் வந்து அவன் மனைவியுடன் வாழ்கிறது. அனந்தரத்தில் அஜயன் என்னும் இளைஞன் தன் வாழ்க்கைக் கதையை முதலில் ஒருவிதமாகவும், பின்னர் மற்றொரு விதமாகவும் கூறுகிறான். முதல் கூற்றில் விடுபட்டவை இரண்டாவது கூற்றில் வருகின்றன. இரண்டும் சேர்ந்த பின்னரும் அவனை முழுமையாக அறிந்துவிட்டதாகக் கொள்ள முடிவதில்லை.

கதை மரபில் முன்னோடிகள்

கேட்பவரைப் புதிருக்குள் இழுக்கும் கதைமுறை தமிழருக்குப் புதியதன்று. விக்கிரமாதித்தன் கதைகளில் இடம்பெறும் வேதாளம், ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. விடை தெரிந்தும் பேசாதிருந்தால் அரசனின் தலை வெடித்துவிடும். பேசினால் வேதாளம் மீண்டும் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். விடை கூறுவதால் கதை முடிவதில்லை, மீண்டும் தொடங்குகிறது. அக்கேள்விகளுட் பலவும் மூவருள் யாருக்குப் பெண் உரியவள், யார்மீது பழி சாரும் என்பன போன்ற நீதிக் கேள்விகளாகவே உள்ளன. மதனகாமராசன் கதையில் கதைக்குள் கதை அமைகிறது. தமிழ்ச் சிறுகதையில் மௌனி கனவுக்கும் நனவுக்கும் இடைப்பட்ட மனநிலையை எழுதினார்.

தமிழ்த் திரைப்படங்கள்

அந்த நாள் (1954)

வீணைக் கலைஞர் எசு. பாலச்சந்தர் இயக்கி, ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்த அந்த நாள், பாடல்களே இல்லாமல் வெளிவந்த முதல் தமிழ்த் திரைப்படம். ரஷோமோனைக் கண்டதன் தூண்டுதலால் பாலச்சந்தர் இதன் கதையை உருவாக்கினார். திரைக்கதையை எழுதிய ஜாவர் சீதாராமன் படத்தில் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் முதன்மை வேடங்களை ஏற்றனர்.

1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய நாளை ஒட்டிக் கதை நிகழ்கிறது. வானொலிப் பொறியாளரான ராஜன் சுட்டுக் கொல்லப்படுவதுடன் படம் தொடங்குகிறது. மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அண்டை வீட்டுக்காரர், நடனமாது ஆகிய ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுகின்றனர். ஒவ்வொருவர் கூற்றிலும் ராஜன் வெவ்வேறு மனிதனாகத் தோன்றுகிறான்.

ரஷோமோனில் இறுதிவரை உண்மை உறுதி செய்யப்படுவதில்லை. அந்த நாளில் கொலையாளி யார் என்பது ஐயத்துக்கு இடமின்றிக் கூறப்படுகிறது. இதனால் இப்படத்தின் புதிர் எளியது என்று கருதுவோர் உளர். ஆனால் கொலையாளி தெரிந்த பின்னர், கேள்வி வேறிடத்துக்கு மாறுகிறது. நாட்டுக்கும் குடும்பத்துக்கும் இடையே ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும், தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்பது இரண்டகத்துக்குக் காரணமாகுமா என்பதும் விடையின்றி நிற்கின்றன. முடிவு தெரிந்து மறுமுறை பார்க்கும்போது, முதலில் இயல்பானவையாகத் தோன்றிய பேச்சுகளுக்கு வேறு பொருள் புலப்படுகிறது.

பாடலும் நடனமும் எதிர்பார்த்து வந்த பார்வையாளருள் பலர் ஏமாற்றமடைந்தனர். எனினும் இரண்டாவது தேசியத் திரைப்பட விருதுகளில் இப்படத்துக்குத் தகுதிச் சான்றிதழ் வழங்கப்பட்டது. பிற்காலத்தில் இது தமிழின் முதன்மையான படங்களுள் ஒன்றாக மதிக்கப்படலாயிற்று.

அக்ரகாரத்தில் கழுதை (1977)

ஜான் ஆபிரகாம் இயக்கிய இப்படத்தின் திரைக்கதையை விமர்சகர் வெங்கட் சாமிநாதன் எழுதினார். தாயை இழந்த கழுதைக் குட்டி ஒன்றைப் பேராசிரியர் நாராயணசாமி வளர்க்கிறார். கேலிக்கு ஆளாகும் அவர் அதைத் தம் சொந்த ஊரான அக்ரகாரத்துக்கு அனுப்புகிறார். அங்கே உமா என்னும் வாய்பேசாப் பணிப்பெண் அதைக் காக்கிறாள். ஊரில் நிகழும் தீமைகளுக்கெல்லாம் கழுதை காரணமாக்கப்பட்டுக் கொல்லப்படுகிறது. அதன்பின் நன்மைகள் நிகழத் தொடங்கவே, கொன்றவர்களே அதற்குக் கோயில் எழுப்ப முனைகின்றனர்.

படத்தின் முற்பகுதி ஏறத்தாழ நடப்பியல் முறையில் அமைந்துள்ளது. இறுதிப் பகுதியில் மண்டையோடு, நடனம், தீ ஆகியவற்றின் ஊடாக அது சடங்கின் தன்மையை அடைகிறது. அக்ரகாரம் உண்மையிலேயே எரிகிறதா, இது ஒரு குறியீடா என்று படம் கூறுவதில்லை. காரணம் இன்றிப் பழி சுமத்தியவர்கள் அதேபோலக் காரணம் இன்றிப் புனிதம் கற்பிக்கின்றனர் என்பதே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. கழுதை முதலில் இருந்து இறுதிவரை எதையும் செய்வதில்லை. அதன்மீது ஏற்றப்படும் பொருள் மட்டுமே மாறுகிறது. தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதை இப்படம் பெற்றது.

ஹே ராம் (2000), ஆளவந்தான் (2001)

கமல்ஹாசன் இயக்கிய ஹே ராம் 1999 டிசம்பர் 6 அன்று மரணப் படுக்கையில் இருக்கும் சாகேத் ராமின் வாழ்க்கையைக் கூறுகிறது. வழக்கத்துக்கு மாறாக நிகழ்காலம் கறுப்பு வெள்ளையிலும் கடந்த காலம் வண்ணத்திலும் காட்டப்படுகின்றன. 1946 ஆம் ஆண்டுக் கல்கத்தாக் கலவரத்தில் மனைவியை இழந்தவன், காந்தியைக் கொல்லத் துணியும் நிலைக்குச் செல்வதைக் கனவும் மருட்சியும் கலந்த காட்சிகள் உணர்த்துகின்றன. இக்கதையைக் கூறுபவன் சாகேத் ராம் அல்லன். எழுத்தாளனான அவனுடைய பேரன். இதைக் கருத்தில் கொண்டால், காட்டப்படுவதில் நினைவு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது.

கமல்ஹாசன் எழுதிய தாயம் என்ற கதையை அடிப்படையாகக் கொண்டு சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய ஆளவந்தான், மனப்பிறழ்வுற்ற நந்துவின் பார்வையில் உலகைக் காட்ட இயங்குபடத்தைப் பயன்படுத்தியது. நேரடிக் காட்சி எங்கே வரைபடமாக மாறுகிறது என்பதைக் கவனித்தால் நந்துவின் மனம் எங்கே பிடியை இழக்கிறது என்பதை அறியலாம்.

12பி (2001)

ஜீவா இயக்கிய 12பி இணைக் கதை வகையைச் சார்ந்தது. நேர்காணலுக்குச் செல்லும் இளைஞன் ஒருவன் 12பி பேருந்தைப் பிடித்திருந்தால் என்ன, தவறவிட்டிருந்தால் என்ன என்று இரு வாழ்க்கைகள் மாறி மாறிக் காட்டப்படுகின்றன. போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் குருட்டு வாய்ப்பு, பிரித்தானியப் படமான ஸ்லைடிங் டோர்ஸ் (1998) ஆகியவற்றிலும் இக்கரு உள்ளது. சென்னையின் நகரப் பேருந்தைக் கருவாகக் கொண்டதால், வேலை தேடும் இளைஞனுக்குச் சில நொடிகள் எவ்வளவு பெறுமதி உடையவை என்பது தமிழ்ப் பார்வையாளருக்கு எளிதில் விளங்கியது.

விருமாண்டி (2004)

சாட்சிய முரணைத் தமிழில் மிகத் தீவிரமாகக் கையாண்ட படம் கமல்ஹாசன் இயக்கிய விருமாண்டி. மரண தண்டனை பற்றி ஆவணப்படம் எடுக்கும் ஏஞ்சலா காத்தமுத்து சிறையில் இரு கைதிகளைச் சந்திக்கிறார். ஆயுள் தண்டனை பெற்ற கொத்தாளத் தேவர் முதலில் தம் கதையைக் கூறுகிறார். பின்னர் தூக்குத் தண்டனை பெற்ற விருமாண்டி அதே நிகழ்வுகளைத் தன் நோக்கில் கூறுகிறான். பசுபதி கொத்தாளத் தேவராகவும், ரோகிணி ஏஞ்சலாவாகவும் நடித்தனர்.

இரு கூற்றுகளிலும் இடங்களும் மனிதர்களும் பெரும்பாலும் ஒன்றே. ஒருவர் சொன்ன சொல், ஒருவர் நின்ற இடம், யார் முதலில் கையை ஓங்கியது என்பன மாறுகின்றன. முதலில் கூறப்படும் கூற்றைப் பார்வையாளர் இயல்பாகவே உண்மை என்று கொள்கின்றனர். இரண்டாவது கூற்று தொடங்கும்போது, தாம் எந்தச் சான்றும் இன்றி ஒருவனைக் குற்றவாளி எனத் தீர்மானித்துவிட்டதை அவர்கள் உணர வேண்டியுள்ளது. நம்பப்படாத கூற்றுக்கு உரியவன் தூக்குக்காகக் காத்திருப்பதால் இவ்வுணர்வு வெறும் கதைத் திருப்பமாக முடிவதில்லை. தண்டனைக்குப் பின்னர் தவறு தெரிந்தால் என்ன செய்வது என்னும் மரண தண்டனை எதிர்ப்பாளரின் வாதத்தைப் படம் தன் கட்டமைப்பின் வழியாகவே முன்வைக்கிறது.

மெமெண்டோவும் கஜினியும்

மெமெண்டோவின் பாதிப்பில் ஏ. ஆர். முருகதாசு இயக்கிய கஜினி 2005 ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடலில் பச்சை குத்திய குறிப்புகள், ஒளிப்படங்கள், காதலியைக் கொன்றவனைத் தேடும் நாயகன் ஆகியன இங்கும் உள்ளன. கதை சொல்லும் முறை முற்றிலும் வேறு.

மெமெண்டோவின் வண்ணக் காட்சிகள் பின்னோக்கிச் செல்கின்றன. கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கிச் செல்கின்றன. முடிவில் இரண்டும் சந்திக்கின்றன. ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் அதற்கு முன் நடந்தது என்ன என்பது நாயகனைப் போலவே பார்வையாளருக்கும் தெரியாது. கஜினியில் நாட்குறிப்புகளின் வழியாகக் கடந்த காலம் தெளிவாகக் கூறப்படுகிறது. மறதி நாயகனுக்கு மட்டுமே உரியது. பார்வையாளர் அனைத்தையும் அறிவர். அதனால் மெமெண்டோவில் எழும், நாயகனே தன்னை ஏமாற்றிக்கொள்கிறானா என்ற ஐயம் கஜினியில் எழுவதில்லை. அதற்கு ஈடாக, அவன் மறந்துபோன காதலைப் பார்வையாளர் அவனுக்காக நினைவில் வைத்திருக்கும் துயரம் கிடைக்கிறது. ஒரே கருவில் இருந்து ஒரு புதிர்ப் படமும் ஓர் உணர்ச்சிப் படமும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை அறிய இவ்விரண்டையும் ஒப்பிடுவது பயனுடையது.

2010களில் வெளிவந்தவை

கார்த்திக் சுப்புராஜின் பீட்சா (2012) பேய்ப் படத்தின் வழக்கங்களைப் பயன்படுத்தி, தன் அனுபவத்தைக் கூறுபவனை எவ்வளவு நம்பலாம் என்று வினவியது. பவன் குமார் பொதுமக்களிடம் பணம் திரட்டி எடுத்த லூசியா (2013) என்ற கன்னடப் படம், 2015 ஆம் ஆண்டில் எனக்குள் ஒருவன் என்ற பெயரில் தமிழில் மீண்டும் எடுக்கப்பட்டது. இதில் தூக்கத்துக்காக மாத்திரை உட்கொள்பவன் கனவில் மற்றொரு வாழ்க்கையை வாழ்கிறான். எது கனவு என்பதே இதன் புதிர். அசுவின் சரவணனின் மாயா (2015) ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இரு கதைகளை, ஒன்றைக் கறுப்பு வெள்ளையிலும் மற்றொன்றை வண்ணத்திலும் காட்டி இணைத்தது. ஆர். ரவிக்குமாரின் இன்று நேற்று நாளை (2015) காலப் பயணத்தின் முரண்களை நகைச்சுவையாகக் கையாண்டது. தியாகராஜன் குமாரராஜாவின் சூப்பர் டீலக்ஸ் (2019) நடப்பியல் கதைகளுக்கு நடுவே வேற்றுக்கோள் வாசி ஒருவரையும் இயல்பாக உலவவிட்டது.

மாநாடு (2021)

வெங்கட் பிரபு இயக்கிய மாநாடு காலச் சுழற்சி வகையைச் சார்ந்தது. அமெரிக்கப் படமான கிரவுண்டாக் டே (1993) இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. மாநாட்டில் அப்துல் காலிக் என்னும் இளைஞன் இறக்கும்போதெல்லாம் அதே நாள் விமானப் பயணத்தில் இருந்து மீண்டும் தொடங்குகிறது. முதலமைச்சரைக் கொன்று, பழியை ஒரு முசுலிம் மீது சுமத்திக் கலவரத்தைத் தூண்டும் சதியை அவன் தடுக்க வேண்டும். ஒரே நாளைப் பலமுறை வாழ்பவனுக்கு மட்டுமே சதியின் முழு வடிவம் தெரிகிறது. ஒருமுறை வாழும் மற்றவர்கள் தங்கள் கண்முன் வைக்கப்பட்ட குற்றவாளியை நம்பிவிடுவர். விருமாண்டி எழுப்பிய கேள்வியின் மற்றொரு வடிவமாகவே இதனைக் கொள்ளலாம்.

குதிரைவால், நண்பகல் நேரத்து மயக்கம் (2022)

மனோஜ் லியோனல் ஜேசன், சியாம் சுந்தர் ஆகியோர் இயக்கிய குதிரைவாலில் வங்கியில் பணிபுரியும் சரவணன் கனவில் இருந்து விழித்தெழும்போது தனக்கு ஒரு குதிரைவால் முளைத்திருக்கக் காண்கிறான். கனவுக்கு விளக்கம் தேடிப் பலரை அணுகுகிறான். தமிழில் நேரடியாக அடிமனவெளிப்பாட்டிய முறையைக் கையாண்ட அரிய படங்களுள் இது ஒன்று.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய நண்பகல் நேரத்து மயக்கம் தமிழும் மலையாளமும் கலந்தது. 2022 ஆம் ஆண்டு கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2023 சனவரியில் திரையரங்குகளில் வெளியானது. வேளாங்கண்ணியில் இருந்து கேரளத்துக்குத் திரும்பும் நாடகக் குழுவினரின் பேருந்தில் உறங்கி எழும் ஜேம்ஸ், வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறான். அறியாத தமிழ்க் கிராமம் ஒன்றுக்குள் நடந்து சென்று, ஈராண்டுகளுக்கு முன் காணாமற்போன சுந்தரத்தின் வீட்டில் சுந்தரமாகவே நடந்துகொள்கிறான். மம்மூட்டி இவ்வேடத்தை ஏற்றார். தேனி ஈசுவர் ஒளிப்பதிவு செய்தார்.

உறக்கத்தையும் சாவையும் ஒப்பிடும் திருக்குறள் ஒன்று தொடக்கத்தில் நினைவுகூரப்படுகிறது. பழைய தமிழ்ப் படங்களின் பாடல்களும் உரையாடல்களும் வீடுகளின் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் இருந்து ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. ஆவியா, மனநோயா, கனவா, நடிப்பா என்ற நான்கு விளக்கங்களுக்கும் படத்தில் இடம் உண்டு. எதுவும் உறுதி செய்யப்படுவதில்லை. ஜேம்சின் மனைவியும் மகனும் பேருந்துக் குழுவினருடன் காத்திருக்க, சுந்தரத்தின் மனைவி வேற்று ஆள் ஒருவனில் கணவனின் சாயலைக் கண்டு திகைக்கிறாள். அவன் மீண்டும் ஜேம்சாக விழித்தால் ஒரு குடும்பம் மீளும். மற்றொன்று அதே மனிதனை இரண்டாம் முறை இழக்கும். புதிருக்கு விடை கிடைக்காவிடினும் இந்த இழப்பு மாறுவதில்லை.

கவனித்துப் பார்க்கும் முறை

புதிர்த் திரைப்படங்களை அணுகுவதற்குத் தனி அறிவு தேவையில்லை. பின்வரும் கேள்விகள் பெரும்பாலான படங்களுக்குப் பொருந்தும்.

* யார் கூறுகிறார்? ஒரு காட்சியில் உள்ளவற்றை அந்தக் கூறுபவரால் அறிந்திருக்க முடியுமா?
* யாரிடம் கூறுகிறார்? காவலரிடமும், படப்பிடிப்புக் கருவியின் முன்னும், நண்பரிடமும் ஒருவர் ஒரே மாதிரி பேசுவதில்லை.
* வண்ணம், ஒலி, உடை ஆகியவற்றில் எங்கே மாற்றம் நிகழ்கிறது?
* எது மீண்டும் வருகிறது? மீண்டும் வரும்போது எது மாறியிருக்கிறது?
* எது காட்டப்படவில்லை? எவருடைய கூற்று கேட்கப்படவில்லை?

கடைசிக் கேள்வி தனிக் கவனத்துக்கு உரியது. விருமாண்டியில் இரு ஆண்களின் கூற்றுகள் கேட்கப்படுகின்றன. நிகழ்வுகளின் நடுவில் இருந்த அன்னலட்சுமியின் கூற்று என்று தனியே ஒன்று இல்லை. அக்ரகாரத்தில் கழுதையை அன்புடன் காத்த உமா வாய்பேச இயலாதவள்.

முதன்முறை பார்க்கும்போது இடையில் நிறுத்தாமல் பார்ப்பதும், பிறருடைய விளக்கங்களைப் படிக்கும் முன்னர் தம் விளக்கத்தை எழுதி வைப்பதும் பயன்தரும். மறுமுறை பார்க்கும்போது அவ்விளக்கத்துக்குப் பொருந்தாத காட்சிகளைத் தேட வேண்டும். பொருந்துபவற்றை மட்டும் தேடினால் எந்த விளக்கமும் சரியாகவே தோன்றும்.

விமர்சனங்கள்

கதையின் வெறுமையை மறைக்கச் சிக்கலான அமைப்பு பயன்படுத்தப்படுகிறது என்பது இவ்வகை மீது வைக்கப்படும் முதன்மையான குற்றச்சாட்டு. நிகழ்வுகளை நேர் வரிசையில் அடுக்கிய பின்னர் எஞ்சுவது என்ன என்று பார்ப்பது இதற்கு ஒரு சோதனை. விருமாண்டியை நேர் வரிசையில் கூறினால் அதன் வாதமே இல்லாமற் போகும்; எனவே அங்கே அமைப்பு இன்றியமையாதது. இறுதித் திருப்பம் ஒன்றுக்காக மட்டுமே அமைந்த படங்கள் அத்திருப்பம் தெரிந்த பின்னர் மறுமுறை பார்க்கத் தூண்டுவதில்லை.

மனநோயை வியப்புக்குரிய கதைக் கருவியாக மட்டும் பயன்படுத்துவதும், பிறமொழிப் படங்களின் கருவை உரிய ஒப்புதல் இன்றி எடுத்தாள்வதும் பிற குறைகளாகச் சுட்டப்படுகின்றன.

தொடங்குவோருக்கு ஏற்ற வரிசை

எளியவற்றில் இருந்து கடினமானவற்றுக்குச் செல்லும் வகையில் தமிழ்ப் படங்களைப் பின்வருமாறு பார்க்கலாம்.

1. 12பி - இரு கதைகளும் தெளிவாகப் பிரிந்திருப்பதால் அமைப்பைப் புரிந்துகொள்வது எளிது.
2. மாநாடு - விதிகள் படத்திலேயே விளக்கப்படுகின்றன. விரைவான நடை கொண்டது.
3. அந்த நாள் - பல சாட்சியங்கள், உறுதியான விடை. ரஷோமோனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.
4. விருமாண்டி - இரு சாட்சியங்கள். பார்வையாளரின் தீர்ப்பே சோதிக்கப்படுகிறது. வன்முறைக் காட்சிகள் மிகுதி.
5. ஹே ராம் - வரலாற்றுப் பின்னணியை ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். வன்முறைக் காட்சிகள் உண்டு.
6. அக்ரகாரத்தில் கழுதை - மெதுவான நடை. இறுதிப் பகுதி குறியீடுகளால் ஆனது.
7. நண்பகல் நேரத்து மயக்கம் - விடை தரப்படுவதில்லை. இரைச்சலற்ற இடத்தில், ஒலிகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.
8. குதிரைவால் - கனவின் ஒழுங்கையே கதையின் ஒழுங்காகக் கொண்டது. முழுதும் விளங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பின்றிப் பார்ப்பது நன்று.